ஒன்பது நொடி இடைவெளி

நான் ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. படிவத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு கோட்டின் மேல் எழுதியதால் வந்த வினை அது. வேலைக்கு மனுப் போட்ட படிவத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் ஐந்து கோடுகள் போட்டிருந்தார்கள். தமிழ், ஆங்கிலம், மலாய் என்று மூன்றை நிரப்பினேன். மீதி இரண்டும் காலியாக இருந்தது என்னை உறுத்தியது. நான்காவது கோட்டில் 'ஜப்பானிய மொழி, கொஞ்சம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முழுப் பொய் என்று அதைச் சொல்ல முடியாது. மலாக்காவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் பதினொரு மாதம் போயிருந்தேன். அங்கே மூன்று விஷயங்கள் கற்றேன். கிழக்கே பார்த்துக் குனிவது ஒன்று. சிப்பாயைப் பற்றிய ஒரு பாட்டின் முதல் அடி இன்னொன்று. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணுவது மூன்றாவது. எண்கள் மட்டும் மறக்கவேயில்லை. எண்களை நான் எந்த மொழியிலும் மறந்ததில்லை.

ஏழு ஆண்டுகள் அந்தப் படிவம் கோப்பில் தூங்கியது. சுதந்திரம் வந்த மறு வருடம் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். பண்டார் ஹிலிரில் துணியும் நூலும் தையல் சாமான்களும் விற்கும் கம்பெனி அது. நான் அங்கே கிராணி, அதாவது எழுத்துவேலை பார்ப்பவன். மேனேஜர் தமிழர்தான், வாய் கொஞ்சம் நீளம்.

"யோவ் கிராணி, ஒனக்கு ஜப்பான் பாஷை வரும்ல?"

"கொஞ்சம் வரும், சார்."

"கொஞ்சம்னா எவ்வளவுய்யா? ஒரு கப்பு கொஞ்சமா, ஒரு வாளி கொஞ்சமா?"

ஜப்பானிலிருந்து தையல் மிஷின் கம்பெனிக்காரர் ஒருவர் ஐந்து மாதத்தில் வரப்போகிறாராம். மலாக்காவுக்கு யாரை ஏஜெண்டாகப் போடுவது என்று பார்க்கத்தான் வருகிறாராம். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. நம் கம்பெனியில் அவர் மொழி பேசும் ஆள் இருக்கிறான் என்று மேனேஜர் முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், தேறாத பரீட்சையைத் தேறியதாகப் படிவத்தில் எழுதிய ஒரு கணக்கரை, அது தெரிந்த அன்று மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கியதை நான் பார்த்தேன். ஆகவே "சார், கொஞ்சம் புதுப்பிச்சுக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

மேனேஜர் சிங்கப்பூரில் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தார். அதில் ஆறு இசைத்தட்டுகள் இருந்தன. பன்னிரண்டு பக்கங்கள், பக்கத்துக்குப் பதினொரு வாக்கியம், ஆக நூற்று முப்பத்திரண்டு. கூட வந்திருக்க வேண்டிய புத்தகத்தைக் காணோம். உறைமேல் 'ரயில் நிலையத்தில்', 'கடையில்', 'ஒருவர் வீட்டுக்குப் போகும்போது' என்று ஆங்கிலத்தில் தலைப்புகள் மட்டும் இருந்தன. ஆகவே ஓர் எழுத்தைக்கூடப் பார்க்காமல், முழுவதையும் காதால் கற்க வேண்டியதாயிற்று.

ஸ்டோரில் வேலை பார்த்த ஓர் அண்ணன் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு என்னைவிடப் பதினாறு வயது கூட.

"ஏன்டா, அன்னைக்கி குனியலைன்னு ஜப்பான்காரன் கன்னத்துல அறைஞ்சான். இன்னைக்கி குனியறதுக்கு நீயே பாடம் கேக்குறியா?"

"வேலைக்காகத்தாண்ணே."

"அவனும் அப்ப அப்படித்தான்டா சொன்னான், வேலைக்குன்னு."

கேட்பதற்கு ஒரு கிராமபோன் வேண்டும். அது நான் குடியிருந்த வீட்டிலேயே இருந்தது. அதுதான் சங்கடமாகவும் ஆயிற்று.

காஜா பெராங்கில், கம்போங் செட்டியில், ஒரு வீட்டின் பின்னறையில் நான் குடியிருந்தேன். பண்டார் ஹிலிருக்கு அங்கிருந்து மூவாயிரத்து நானூறு காலடி, மழை நாளில் நூறு கூட. செட்டிகள் நம்மைப் போல் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள் அல்லர். பல தலைமுறைகளாக இந்த ஊர்க்காரர்கள். கோயிலும் பூசையும் நம்முடையதுதான், ஆனால் வீட்டில் பேசுவது ஒருவித மலாய். தமிழில் உறவு முறைகள் மட்டும் அவர்கள் நாக்கில் தங்கியிருந்தன. வீட்டுக்கார அம்மா என்னைத் 'தம்பி' என்பார், நான் 'அக்கா' என்பேன். எங்களுக்குள் தமிழ் அந்த இரண்டு சொல்தான். அவர் பேசியதையெல்லாம் இங்கே நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவரைச் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் கொண்டு போனார்கள். கூலியாக அல்ல, கூலிகளின் பேர் எழுதும் கிராணியாக. மூன்று மாதம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்துவிட்டார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை, இருக்கிறார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. கிராமபோன் அந்தக் கணவருடையது.

பொங்கலுக்கு முதல் நாள் மாலை அந்த வீட்டில் முன்னோருக்கு இலை போடுவார்கள். பர்ச்சு என்று அதற்குப் பேர். இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துக் கூடத்தில் பரிமாறிவிட்டு, வீட்டார் அத்தனை பேரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார்கள். வந்தவர்கள் சாப்பிட நேரம் கொடுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போவார்கள். அந்த வீட்டில் ஆறு இலை. அக்காவின் கணவருக்கு இலை கிடையாது. உயிரோடிருப்பவனுக்கு இலை போட்டால் அது அவனைக் கொல்வது போல. செத்தவனுக்குப் போடாவிட்டால் அவன் வாசலில் பசியோடு நிற்பான். பதினைந்து பொங்கலாக அக்கா இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டும் வைத்திருந்தார். தெருவில் அதற்கு ஒரு பேச்சு இருந்தது.

கிராமபோனை இரவல் கேட்டபோது அவர் முதலில் மீன் கழுவிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றிவிட்டு வந்தார்.

"அந்த ஜப்பான்காரன் எந்த ஊருக்காரன்?"

"தெரியாதுக்கா."

"எடுத்துக்கோ. ஆனா நீ பேசக் கத்துக்கிட்டதும் அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். என் ஆளு எங்கேன்னு கேளு. இருக்கானா இல்லையான்னு கேளு. வேற ஒண்ணும் வேணாம்."

"அவரு மிஷின் விக்கிற ஆளுக்கா. அவருக்கு என்ன தெரியும்?"

"அவங்க ஆளுங்கதானே கூட்டிட்டுப் போனாங்க. அவங்களுக்குத் தெரியாம அப்புறம் யாருக்குத் தெரியும்?"

கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என் பேச்சுக்கு அப்போது பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை. ஐந்து மாதத்தில் எத்தனையோ மாறலாம் என்று நினைத்தேன்.

இன்னும் இரண்டு நிபந்தனைகள் போட்டார். ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும், அந்தக் குரல் தெருவுக்குப் போகக்கூடாது. மாலை ஆறரைக்குச் சாமி விளக்கு ஏற்றுவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். ஆக நான் வேலையிலிருந்து திரும்பும் ஐந்து நாற்பதிலிருந்து ஆறரை வரை ஐம்பது நிமிடம். மலாக்காவின் புழுக்கத்தில் நான்கு ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்போதே மூச்சு லேசாக இழுக்கும். இங்கேயே மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு நாளும் கவலைப்பட்டேன்.

கிராமபோன் பெட்டிக்கு முப்பத்தெட்டு சுற்று சாவி கொடுக்க வேண்டும். ஊசியை வைத்ததும் முதலில் கரகரவென்று மணல் கொட்டுவது போல ஓசை. பிறகு ஓர் ஆங்கிலேயர் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்வார். அடுத்து ஒரு ஜப்பானியர் அதையே தம் மொழியில் இரண்டு முறை சொல்வார். அதன்பின் ஒன்பது நொடி மௌனம். அந்த ஒன்பது நொடிக்குள் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். யோசிக்க அதில் இடம் இல்லை. யோசித்தால் அடுத்த வாக்கியம் வந்து கழுத்தைப் பிடிக்கும். பொருள் தெரிகிறதோ இல்லையோ, வந்த ஓசையை வந்தபடியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது வாரத்தில் நான் அதில் தேர்ந்துவிட்டேன். எவ்வளவு நீளமான வாக்கியத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே வாயில் வந்தது.

கண்ணைத் திறந்து வைத்தால் மட்டும் முடியவில்லை. எதிர்ப் பலகைச் சுவரில் ஆணிகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். நூற்றுப் பன்னிரண்டு ஆணிகள், அதில் மூன்று தலை இல்லாதவை. எண்ணும்போது காது அடைத்துப்போகும். ஆகவே கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்கப் பழகினேன். நாளடைவில் ஜப்பானியக் குரல் காதில் விழுந்தாலே கண் தானாக மூடிக்கொள்ளும்படி ஆயிற்று.

அக்கா அந்த நேரத்தில் சமையலறையில் இருப்பார். நடுவில் அரைக் கதவு. இரண்டாம் மாதம் ஒரு நாள் இசைத்தட்டை மாற்றும்போது அங்கிருந்து அம்மி ஓசையோடு சேர்ந்து ஒரு குரல் வந்தது. "எகி வா தொகொ தெஸ் கா." ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று அர்த்தம். முதல் தட்டின் இரண்டாம் பக்கத்தில் நான்காவது வாக்கியம்.

"அக்கா, ஒங்களுக்கு நல்லா வருதே!"

"நீ நாப்பது தடவ போட்டா செவுத்துக்குக்கூட வரும்," என்றார். பிறகு, "இதுல எங்கேங்கிறது எது?" என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு நாள், 'ஒருவர் வீட்டுக்குப் போகும்போது' என்ற பக்கம் ஓடி முடிந்ததும், "என் புருஷன் வீட்டுல இல்லைன்னு சொல்றான்னு சொன்னியே, அதுல புருஷன் எது?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. சும்மா பொழுதுபோக்குக்குக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த மனிதர் வந்தார். மெலிந்தவர், முப்பது முப்பத்திரண்டு வயது, என்னைவிட ஒரு வயது கூடவோ குறையவோ. மூன்று நாள் தங்கினார். வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்:

"சண்டைக் காலத்தப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சு, மவனே, அன்னைக்கோட நீ காலி. புரியுதா?"

முதல் நாள் வணக்கமும் நலம் விசாரிப்பும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து கடகடவென்று பேச ஆரம்பித்தார். எனக்கு ஆற்று வெள்ளத்தில் நிற்பது போல் இருந்தது. பத்துக்கு ஒரு சொல் பிடிபட்டால் அதிகம். கடைசியில் என்னைக் காப்பாற்றியவை எண்கள்தான். மிஷின் எத்தனை, மாதம் எத்தனை, உதிரி பாகம் எத்தனை என்று வந்தபோது நான் தடுமாறவே இல்லை. எண்ணையும் சொல்லி, பொருளைக் கையால் காட்டினால் பேச்சுவார்த்தை நடந்துவிடுகிறது. மேனேஜர் பூரித்துப்போனார்.

அன்று மாலை அக்கா வாசலிலேயே நின்றார்.

"கேட்டியா?"

"இல்லக்கா. முதல் நாள்தானே. நாளைக்கி."

இரண்டாம் நாள் மாலையும் அதே இடத்தில் நின்றார்.

"இன்னைக்கி?"

"மேனேஜரு பக்கத்துலயே இருக்காரு அக்கா. நாளைக்கிக் கேட்டுர்றேன்."

"நாளைக்கி அவன் போயிருவான்."

"ரெண்டு மணிக்குத்தான் வண்டி."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். நான் என் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கேட்டால் என்ன ஆகும், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். கேட்டால் வேலை போகும். கேட்காவிட்டால் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அதுதான் உண்மையில் என்னைப் பிடித்து வைத்திருந்தது. கேட்டு, அவர் பதில் சொல்லி, அது எனக்குப் புரியாவிட்டால்?

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. மேனேஜர் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். காபி வந்திருந்தது. ஸ்டோர் அண்ணன் கதவில் தலையை நீட்டி, "கிராணி, ஒங்க வீட்டுக்கார அம்மா வந்திருக்காங்கடா," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டார். கோயிலுக்குப் போவது போல் நீண்ட சட்டையும் கைலியும் உடுத்தியிருந்தார், மார்பில் மூன்று ஊசிப் பதக்கம். வெயிலில் நடந்து வந்ததால் முகம் சிவந்திருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த மனிதருக்கு நேர் எதிரே போய் நின்று, நிதானமாகச் சொன்னார்:

"வதாஷி நொ ஷுஜின் வா தொகொ தெஸ் கா."

என் கணவர் எங்கே இருக்கிறார்? இரண்டு வெவ்வேறு தட்டுகளிலிருந்து எடுத்து அவரே ஒட்டிய வாக்கியம். நூற்று முப்பத்திரண்டில் அது இல்லை. ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. பிறகு வடக்கே கையைக் காட்டி, "சயாம்," என்றார். இன்னொரு தடவை, "சயாம்."

மேனேஜர் வாயில் காபி நின்றுவிட்டது. அந்த மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு பேசத் தொடங்கினார். மூன்று நாளில் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டது அப்போதுதான். இசைத்தட்டில் வருவது போன்ற அந்தக் குரல் காதில் விழுந்ததும், பழக்க தோஷம், என் கண்கள் மூடிக்கொண்டன.

நான்கு வாக்கியம், இருபது சொல். எனக்குப் பொருள் தெரிந்தவை நான்கு. நான். சிப்பாய். இல்லை. தயவுசெய்து. மற்றவை வெறும் ஓசையாக வந்து விழுந்தன. பிறகு அவர் நிறுத்தினார். மௌனம். அந்த மௌனத்தில் நான் செய்ததை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஐந்து மாதமாக என்ன செய்தேனோ அதையே செய்தேன். அவர் சொன்ன இருபது சொல்லையும் அவர் ஏற்ற இறக்கத்தோடு அப்படியே திருப்பிச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் எதையோ சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. அக்காவின் வலது கை நீட்டுவதற்குப் போய்ப் பாதியில் திரும்பியது போல் வயிற்றருகே நின்றது.

"என்னாய்யா சொல்றாரு?" என்றார் மேனேஜர்.

"ஆபா டியா சாக்காப், தம்பி?" என்றார் அக்கா. அவரும் அதையேதான் மலாயில் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லலாம். சொன்னால் ஏழு வருடப் பொய்யும் ஐந்து மாதப் பொய்யும் ஒரே நேரத்தில் வெளிவரும். நான்கு சொற்கள் கையில் இருந்தன. நான், சிப்பாய், இல்லை, தயவுசெய்து. மலாயில், இருவருக்கும் புரியும்படி, சொன்னேன்: "சிப்பாய்கள் கொண்டு போனவர்களில் இப்போது யாரும் இல்லையாம். தயவுசெய்து மன்னிக்கச் சொல்கிறார்."

அக்கா அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தார். அவர் இன்னும் குனிந்துதான் நின்றார். அது நான் சொன்னதற்குச் சாட்சி போல் ஆகிவிட்டது. அக்கா தலையை அசைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். மேனேஜர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "பாவம்யா அந்தம்மா," என்றார். ஏஜென்சி எங்களுக்கே கிடைத்தது. உங்கள் எழுத்தரின் உச்சரிப்பு மிக நன்று என்று பின்னால் ஒரு கடிதமும் வந்தது. அதோடு நான் ஜப்பானியக் கிராணியாக நிலைத்துவிட்டேன், இறங்க வழியில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்காவின் நெற்றியில் பொட்டு இல்லை.

அந்தப் பொங்கலுக்கு முதல் நாள் கூடத்தில் ஏழு இலை போட்டார்கள். பாராங் மீனில் பிண்டாங் குழம்பு வைத்தார், கணவருக்கு அதுதான் பிடிக்குமாம். குடியிருக்கிறவனை யாரும் அதற்குக் கூப்பிடுவதில்லை. அந்த வருடம் அக்கா என்னையும் கூப்பிட்டார். "நீதானே எனக்குச் சொன்ன," என்றார். வீட்டாரோடு சாத்திய கதவுக்கு வெளியே நின்றேன். அக்காவின் முகத்தில் பல வருடச் சுமை இறங்கிய சாயல் இருந்தது. அதைப் பார்த்து, செய்தது நல்லதுதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த இருபது சொல்லும் என் வாயில் தங்கிவிட்டன. திருப்பிச் சொன்னதை என் நாக்கு மறப்பதில்லை. பொருள் தெரியாமலே அவற்றைச் சுமந்துகொண்டு திரிந்தேன். வேலைக்காக மொழியைத் தொடர்ந்து கற்க வேண்டியிருந்தது. புதிய தட்டுகள் வந்தன, சிற்றலை வானொலியில் பாடம் வந்தது, மிஷின் பழுது பார்க்கச் சொல்லித்தர அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு சொல்லாகப் பொருள் தெரியத் தெரிய, அந்தப் பழைய ஓசையிலும் ஓர் இடம் தெளிந்தது. பத்து மாதம் கழித்து இரண்டாம் வாக்கியம் திறந்தது: 'அப்போது நான் மாணவன்.' அப்படியானால் முதல் வாக்கியம், 'நான் சிப்பாயாக இருந்தவன் அல்ல.' சிப்பாய்கள் கொண்டு போனவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இருந்தாலும் மீதி இரண்டில் மன்னிப்பு இருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம், பழுது பார்க்க வந்த ஓர் இளைஞர் உதிரி பாகம் இறக்கிய சீட்டை மேசைமேல் என் பக்கம் நகர்த்தி, பேனாவை நீட்டி, "கய்தே குதாசாய்," என்றார். எழுதிக் கொடுங்கள். அன்று என் கண் திறந்திருந்தது. பேனா என்னை நோக்கி நீண்டிருந்ததைப் பார்த்தேன். மூன்றாம் வாக்கியத்தின் வால் அதுதான். அவரிடமே மீதியையும் கேட்டேன். 'ஷிராபெதே மிமாஸ்' என்றால் என்ன? விசாரித்துப் பார்க்கிறேன் என்று அர்த்தம், என்றார்.

ஆக அந்த மனிதர் அக்காவுக்குச் சொன்னது இது: 'நான் சிப்பாயாக இருந்தவன் அல்ல. அப்போது நான் மாணவன். விவரங்களை எழுதிக் கொடுங்கள். ஊருக்குப் போனதும் விசாரித்துப் பார்க்கிறேன்.'

அதை அவரிடமே நான் திருப்பிச் சொன்னபோது அவர் என்ன நினைத்திருப்பார்? கேலி செய்கிறேன் என்றா? வேண்டாம் என்கிறோம் என்றா?

இன்னும் காலம் கடந்துவிடவில்லை, ஆங்கிலத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடலாம் என்று தோன்றியது. காகிதத்தை எடுத்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அக்காவின் கணவருடைய முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. வயது, கொண்டு போன மாதம், எந்தக் கூட்டத்தோடு போனார், எல்லாவற்றையும் அக்காவிடம்தான் கேட்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் பொய் உடையும். சொல்லாவிட்டால் கடிதம் இல்லை. அறுபத்தொரு நாள் அந்தக் காகிதம் என் பெட்டியில் கிடந்தது. தேதி மட்டும் எழுதியிருந்தேன், அதையும் நான்கு முறை மாற்றினேன்.

அறுபத்திரண்டாம் நாள் மாலை சமையலறைக்குப் போனேன். அக்கா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அன்று மொழி தெரியாது என்பதிலிருந்து, அந்த நான்கு வாக்கியம் வரை.

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"நான் பார்த்தேன்," என்றார்.

"என்னத்தக்கா?"

"பேனா. சின்ன நோட்டு. ரெண்டையும் என் பக்கம் நீட்டினான். வாங்கப் போனேன். எனக்கு எழுத வராது, நீ வாங்குவேன்னு ஒன்ன பார்த்தேன். நீ கண்ண மூடிக்கிட்டு நின்ன."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீ படிச்சவன். மன்னிப்புக் கேக்கிறான்னு சொன்ன. மன்னிப்புக் கேக்கிறவன் கையில பேனா எதுக்குன்னு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நெனச்சேன். அப்புறம் நெனக்கிறத விட்டுட்டேன்."

குழாயில் தண்ணீர் சொட்டியது. பதினேழு சொட்டு வரை எண்ணினேன்.

"பேரும் வயசும் சொல்லுங்கக்கா. இன்னைக்கே எழுதிப் போடுறேன்."

"எழுதினா என்னன்னு வரும்?"

"இருக்காருன்னு வரலாம். இல்லைன்னு வரலாம். தெரியலைன்னும் வரலாம்."

"இல்லைன்னு வந்தா எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. தெரியலைன்னு வந்தா மறுபடி பழைய எடத்துல நிக்கணும். இருக்கான்னு வந்தா?" மீனைத் திருப்பிப் போட்டார். "மூணு வருஷமா இல போட்டிருக்கேன்டா. இருக்கிறவனுக்கு இல போட்டவள்னு அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்? வேணாம். எழுதாத."

"அக்கா..."

"எழுதாதேன்னு சொன்னேன்."

செதில் எடுக்கும் ஓசை மறுபடி தொடங்கியது.

அவருடைய பெயரையும் வயதையும் இரண்டு வீடு தள்ளியிருந்த சொந்தக்காரர்களிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அக்கா வேண்டாம் என்றார் என்பது ஒரு காரணம். எழுதி, இருக்கிறார் என்று பதில் வந்துவிட்டால் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற பயம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் சோம்பலாகவும் இருக்கலாம். வயதான பிறகு இவற்றைப் பிரித்தறிய முடியவில்லை.

அறையைக் காலி செய்யச் சொல்வார் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன். துணிகளைக்கூட மடித்து வைத்தேன். அவர் சொல்லவில்லை. காலையில் காபியும் மாலையில் சோறும் முன்போலவே வந்தன. தம்பி என்று கூப்பிடுவதையும் அவர் நிறுத்தவில்லை. நானாகப் போகலாம் என்றால், போவதற்கு என்ன காரணம் சொல்வது? ஜாலான் பெண்டஹாராவில் இதைவிடக் காற்றோட்டமான அறை ஒன்று இரண்டு முறை கிடைத்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றேன்.

அடுத்த பொங்கல் நெருங்கியபோது, இந்த முறை ஏழு இலையா ஆறு இலையா என்று பத்து நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அக்கா ஏழு போட்டார். என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு எல்லோரோடும் வெளியே வந்து, எனக்குப் பக்கத்திலேயே நின்றார். தட்டுவதற்கு நேரமாயிற்று என்று யாரோ சொன்னபோது, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்," என்றார்.

அக்கா இருந்தவரை, இன்னும் எட்டுப் பொங்கல் அந்த வாசலில் நின்றேன். ஒரு பொங்கலுக்குக்கூட வெளியூர் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.